நான்கு வடிவம் போதும்: ஆங்கில ஒழுங்கு வினைகளைக் காலத்துக்கு ஏற்ப மாற்றும் வழி

'நட' என்ற ஒரு சொல்லைத் தமிழில் எத்தனை விதமாகச் சொல்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நடக்கிறேன், நடக்கிறோம், நடக்கிறாய், நடக்கிறீர்கள், நடக்கிறான், நடக்கிறாள், நடக்கிறார், நடக்கிறார்கள், நடக்கிறது, நடக்கின்றன. நிகழ்காலத்துக்கே பத்து வந்துவிட்டது. இறந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும் தனித்தனி வரிசை இருக்கிறது. இவ்வளவையும் யோசிக்காமலே சரியாகப் பேசுகிறோம்.

இதே 'நட'வுக்கு ஆங்கிலத்தில் நான்கே வடிவங்கள்தான்: வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங். ஐந்தாவது கிடையாது. இந்த நான்கையும் வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டு டென்ஸையும் அமைக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டையும் அட்டவணையாக முதல் நாளே கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதால்தான் பலர் மிரண்டுபோகிறார்கள். அட்டவணையை ஓரமாக வைத்துவிடுங்கள். அதை நீங்களே அமைத்துக்கொள்ளும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில்: எது ஒழுங்கு வினை?

இறந்தகாலத்துக்கு ஈ, டி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் போதும் என்றால் அது ஒழுங்கு வினை. வாக் – வாக்ட், ஹெல்ப் – ஹெல்ப்ட், கிளீன் – கிளீன்ட், ஓபன் – ஓபன்ட். 'கோ' என்பது 'வென்ட்' ஆவதும், 'கம்' என்பது 'கேம்' ஆவதும் இந்தக் கூட்டத்தில் சேராது. அப்படி முரண்டு பிடிப்பவை சுமார் 200 இருக்கும். அவற்றைத் தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொள்ளலாம்.

மற்ற ஆயிரக்கணக்கான வினைகள் எல்லாம் ஒழுங்கானவை. புதிதாக மொழிக்குள் வருபவையும் பெரும்பாலும் இந்தப் பக்கமே வந்து சேர்கின்றன. கூகுள், டெக்ஸ்ட், டவுன்லோட், கிளிக் என்று எதை வினையாக்கினாலும் ஈ.டி.தான். பழைய வினைகள்கூட இந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. 'ஹெல்ப்' ஒரு காலத்தில் ஒழுங்கற்ற வினையாக இருந்தது. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் 'ஹோல்பன்' என்று வரும். இன்று அப்படி யாரும் சொல்வதில்லை, 'ஹெல்ப்ட்'தான். அதனால் ஒழுங்கு வினையை முதலில் படிப்பதுதான் லாபம். ஒரே விதி, ஆயிரக்கணக்கான சொற்களுக்குச் செல்லும்.

இரண்டாவது: எழுத்தில் சேர்ப்பது

இதில் நீண்ட நேரம் செலவழிக்க வேண்டாம். சொல்லின் கடைசி இரண்டு மூன்று எழுத்துகளைப் பார்த்தாலே போதும்.

'லிவ்' போல ஈ என்ற எழுத்தில் முடிந்தால் வெறும் டி சேருங்கள். ஐ.என்.ஜி. சேர்க்கும்போது அந்த ஈ போய்விடும். 'ஸ்டடி'யில் கடைசி எழுத்து ஒய், அதற்கு முன்னால் மெய்யெழுத்து. அதனால் ஒய் ஐ ஆகி, பிறகு ஈ.டி. சேரும். 'பிளே'யிலும் ஒய்தான் கடைசி, ஆனால் அதற்கு முன்னால் ஏ என்ற உயிரெழுத்து இருப்பதால் மாற்றம் இல்லை. ஐ.என்.ஜி.க்கு முன்னால் ஒய் எப்போதும் அப்படியே இருக்கும்.

கடைசி எழுத்தை இரட்டிப்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். காரணம் தெரிந்தால் குழப்பம் தீரும். 'ஹோப்' என்றால் நம்பிக்கை வைப்பது, 'ஹாப்' என்றால் துள்ளுவது. ஒற்றைப் பி எழுதி ஈ.டி. போட்டால் படிப்பவர் 'ஹோப்ட்' என்று படிப்பார். இரட்டைப் பி போட்டால்தான் 'ஹாப்ட்'. முன்னால் உள்ள உயிர் குறுகியே ஒலிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம்தான் அந்த இரட்டை எழுத்து. ஆகவே சிறிய சொல்லாக இருந்து, கடைசியில் ஒரு உயிர், ஒரு மெய் என்று முடிந்தால் மெய்யை இரட்டியுங்கள்: ஸ்டாப், பிளான் இரண்டும் அப்படி. 'ஹெல்ப்' இரண்டு மெய்யில் முடிகிறது, 'குக்' என்பதில் இரண்டு ஓ இருக்கிறது, அதனால் இரண்டுக்கும் தேவையில்லை. எக்ஸ், டபிள்யூ, ஒய் மூன்றும் இரட்டிக்கவே மாட்டா.

நீண்ட சொல்லாக இருந்தால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'அட்மிட்' கடைசியில் அழுந்தும், அதனால் டி இரட்டிக்கும். 'விசிட்' முதலில் அழுந்தும், இரட்டிக்காது. 'டிராவல்' போல எல் எழுத்தில் முடியும் சில சொற்களுக்கு மட்டும் பிரிட்டிஷ் எழுத்தில் இரட்டை எல், அமெரிக்க எழுத்தில் ஒற்றை எல். இரண்டில் எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எழுதுங்கள்.

மூன்றாவது: வாயில் வருவது

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். எழுதும்போது ஈ.டி. ஒன்றுதான், சொல்லும்போது அது மூன்று ஒலியாகப் பிரியும். 'வாக்கெட்', 'ஹெல்ப்பெட்', 'கிளீனெட்' என்று எழுத்தை அப்படியே படிக்கிறவர்கள் நிறையப் பேர். தவறு என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஆங்கிலேயர்களே அப்படித்தான் தனி அசையாகச் சொன்னார்கள். பிறகு அந்த உயிர் தேய்ந்துபோனது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது.

இப்போது எப்படிச் சொல்வது? தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லுங்கள், தொண்டை அதிராது. 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள், விரலில் அதிர்வு தெரியும். வினைச்சொல்லின் கடைசி ஒலி எந்த வகை என்று பார்ப்பதுதான் முழுக் கணக்கும்.

அதிராத ஒலியில் முடிந்தால், ஈ.டி. நம் 'பாட்டு' என்ற சொல்லில் வரும் வன்மையான 'ட்'. வாக்ட், ஹெல்ப்ட், வாஷ்ட், வாட்ச்ட் எல்லாம் அப்படி. அதிரும் ஒலியில் முடிந்தால், 'வண்டி' என்பதில் வரும் மென்மையான 'ட்'. கிளீன்ட், ஓபன்ட், கால்ட், லிவ்ட். தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் நம் நாக்கு இரண்டையும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. புதிதாகப் பழக எதுவுமில்லை.

மூன்றாவது வகைக்கு மட்டும்தான் ஒரு தனி அசை கேட்கும். சொல்லே டி ஒலியில் முடிந்திருந்தால், வன்மையோ மென்மையோ, அதன்மேல் இன்னொரு 'ட்' ஒட்டாது. அதனால் நடுவே ஒரு குறுகிய 'இ' வரும்: வான்டிட், ஸ்டார்டிட், நீடிட், வெயிட்டிட். வேறு எந்த ஒழுங்கு வினையின் இறந்தகாலத்திலும் கூடுதல் அசை கிடையாது.

'வாக்ட்' என்று கடைசியில் இரண்டு மெய் அடுக்கி வருவது கடினமாக இருந்தால் அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 'வாக்ட் அவே' என்பது பேச்சில் 'வாக்-டவே' ஆகிவிடும். மெய்யின்மேல் உயிர் ஏறும் நம் புணர்ச்சிதான் அது. எஸ் சேரும்போதும் இதே தொண்டைக் கணக்குதான்: 'வாக்ஸ்' வன்மையாக முடியும், 'கிளீன்ஸ்' அதிர்வோடு முடியும், 'வாட்ச்' போன்றவற்றுக்குக் கூடுதல் அசை வந்து 'வாட்சஸ்' ஆகும்.

நான்காவது: காலத்தை யார் சுமப்பது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஆங்கில வாக்கியத்தில் வினையாக எத்தனை சொல் வந்தாலும் காலத்தை முதல் சொல் மட்டுமே சுமக்கும். தமிழில் நேர்மாறாகக் கடைசியில் இருப்பதுதான் சுமக்கும்.

'நடந்துகொண்டிருந்தேன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பென்சிலால் துண்டு துண்டாகப் பிரியுங்கள்: நடந்து, கொண்டு, இருந்த், ஏன். இப்போது வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். 'ஏன்' என்பது நான், அதாவது 'ஐ'. 'இருந்த்' என்பது 'வாஸ்'. 'கொண்டு' என்பது 'இங்'. 'நடந்து' என்பதற்குள் இருக்கும் 'நட', 'வாக்'. ஆக 'ஐ வாஸ் வாக்கிங்'. 'இங்' மட்டும் வாலாக ஒட்டிக்கொள்கிறது, மற்றபடி கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே திரும்பி நிற்கிறது. முதல் முறை இதைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் போகவில்லை. எல்லாக் காலத்துக்கும் இது ஓரளவு வேலை செய்யும்.

முதல் சொல்லுக்குப் பின்னால் எந்த வடிவம் வரும் என்பதற்கு மூன்றே விதிகள். 'டூ, டஸ், டிட், வில்' வந்தால் அடுத்து வெறும் 'வாக்'. 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீ, பீன்' என்ற குடும்பம் வந்தால் அடுத்து 'வாக்கிங்'. 'ஹாவ், ஹாஸ், ஹாட்' வந்தால் அடுத்து 'வாக்ட்'.

அவ்வளவுதான், இனி பன்னிரண்டையும் அமைத்துவிடலாம்.

நடக்கிறேன் – ஐ வாக்
நடந்தேன் – ஐ வாக்ட்
நடப்பேன் – ஐ வில் வாக்

நடந்துகொண்டிருக்கிறேன் – ஐ ஆம் வாக்கிங்
நடந்துகொண்டிருந்தேன் – ஐ வாஸ் வாக்கிங்
நடந்துகொண்டிருப்பேன் – ஐ வில் பீ வாக்கிங்

நடந்திருக்கிறேன் – ஐ ஹாவ் வாக்ட்
நடந்திருந்தேன் – ஐ ஹாட் வாக்ட்
நடந்திருப்பேன் – ஐ வில் ஹாவ் வாக்ட்

மீதி மூன்றும் இரண்டு விதிகளை அடுக்கியது. 'ஹாவ்' வந்ததால் அடுத்தது 'பீன்', 'பீன்' வந்ததால் அடுத்தது 'வாக்கிங்': ஐ ஹாவ் பீன் வாக்கிங், ஐ ஹாட் பீன் வாக்கிங், ஐ வில் ஹாவ் பீன் வாக்கிங். தமிழில் இவற்றுக்குத் தனி வடிவம் இல்லை. 'ஒரு மணி நேரமாக நடந்துகொண்டிருக்கிறேன்' என்று நேரத்தைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

ஐந்தாவது: இல்லை என்பதும் கேட்பதும்

'டிட் நாட் வாக்ட்' என்று எழுதுவது மிக அடிக்கடி நடக்கும் தவறு. நடந்து முடிந்ததுதானே, அப்புறம் ஏன் 'வாக்ட்' இல்லை என்று தோன்றும். காலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது, அதனால் 'வாக்' வெறுங்கையோடு நிற்கிறது. நம் 'நடக்கவில்லை'யைப் பாருங்கள். அதில் உள்ள 'நடக்க' காலத்தையும் காட்டுவதில்லை, ஆளையும் காட்டுவதில்லை. நான் நடக்கவில்லை, அவள் நடக்கவில்லை, அவர்கள் நடக்கவில்லை. 'டிட் நாட் வாக்' என்பதில் உள்ள 'வாக்', அந்த 'நடக்க'தான்.

மூன்று தமிழ் வடிவங்களுக்கும் நேரான ஆங்கிலம் இதுதான்: நடப்பதில்லை என்றால் 'டஸ் நாட் வாக்', நடக்கவில்லை என்றால் 'டிட் நாட் வாக்', நடக்கமாட்டாள் என்றால் 'வில் நாட் வாக்'. 'நாட்' எப்போதும் முதல் துணைச்சொல்லுக்குப் பின்னால்.

கேள்வி கேட்க, அந்த முதல் துணைச்சொல்லை ஆளுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். 'ஷி வாஸ் வாக்கிங்' – 'வாஸ் ஷி வாக்கிங்?' துணைச்சொல்லே இல்லாத இடத்தில் 'டூ, டஸ், டிட்' வந்து உதவும்: 'டிட் ஷி வாக்?'

ஆறாவது: அந்த எஸ்

ஹி, ஷி, இட் என்று ஒருவரையோ ஒன்றையோ சொல்லும்போது நிகழ்காலத்தில் மட்டும் எஸ்: 'ஷி வாக்ஸ்'. 'டஸ்' வந்துவிட்டால் எஸ் அதற்குள் போய்விடும், 'டஸ் ஷி வாக்' என்றுதான் வரும். ஒழுங்கு வினை ஆளைப் பார்த்து மாறுவது இந்த ஒரே இடத்தில்தான். அதனால்தான் ஆங்கிலத்தில் ஆளை விட்டுவிட்டுப் பேச முடியாது. 'நேற்று நடந்தேன்' என்றால் நான் என்று புரிகிறது. 'வாக்ட் எஸ்டர்டே' என்றால் நடந்தது யார்?

தமிழ் பேசுபவருக்கு இந்த எஸ் விட்டுப்போக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மரியாதை. 'ஆசிரியர் நடக்கிறார்' என்று பன்மையை ஒட்டிய வடிவத்தில் நினைத்துவிட்டு 'மை டீச்சர் வாக்' என்று எழுதிவிடுவோம். ஆங்கில வினையில் மரியாதை இல்லை, ஒருவர் என்றால் ஒருவர்தான்: 'மை டீச்சர் வாக்ஸ்'. இன்னொன்று 'எல்லோரும்'. நமக்கு அது பன்மை, ஆங்கிலத்தில் 'எவ்ரிஒன்' ஒருமை, 'எவ்ரிஒன் வாக்ஸ்'.

ஏழாவது: எந்தக் காலத்தை எடுப்பது?

வடிவம் கைக்கு வந்த பிறகு உண்மையான சிக்கல் இங்கேதான். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்லும்போது நம் காலங்கள் வேறு இடத்தில் போய் விழுகின்றன.

'தினமும் காலையில் நடப்பேன்.' இதை 'ஐ வில் வாக் எவ்ரி மார்னிங்' என்று மாற்றுகிறவர்கள் ஏராளம். 'நடப்பேன்' எதிர்காலம்தானே? இலக்கணத்தில் ஆம். ஆனால் பழக்கத்தைச் சொல்லவும் தமிழ் இதே வடிவத்தைத்தான் எடுக்கிறது. கேட்கிற ஆங்கிலக்காரருக்கு நீங்கள் இனிமேல் நடக்கப் போவதாக ஒரு முடிவு எடுத்திருப்பது போல் கேட்கும், இத்தனை நாளும் நடப்பது தெரியாது. 'வில்' போடும் முன் ஒரு நொடி நில்லுங்கள். ஏற்கெனவே நடக்கும் பழக்கமா? 'ஐ வாக்'. இனி நடக்கப்போவதா? 'ஐ வில் வாக்'.

அடுத்து 'ஐந்து வருடமாக இங்கே வசிக்கிறேன்.' 'வசிக்கிறேன்' நிகழ்காலம் என்பதால் 'ஐ ஆம் லிவிங்' என்று வந்துவிடும். ஆங்கிலத்தில், முன்னால் தொடங்கி இன்றுவரை நீள்வது எதுவானாலும் 'ஹாவ்' வேண்டும்: 'ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. 'ஹாவ் பீன் லிவிங்' என்றாலும் சரி. 'ஐந்து வருடமாக' என்று நீளத்தைச் சொன்னால் 'ஃபார்', '2019-இலிருந்து' என்று தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்'. 'ஆக' வந்தால் ஃபார், 'இலிருந்து' அல்லது 'முதல்' வந்தால் சின்ஸ் என்று பழகிக்கொண்டால் பிசகாது.

'முடித்துவிட்டேன்' என்பதற்கு 'ஐ ஹாவ் ஃபினிஷ்ட்' பொருத்தமானது. ஆனால் 'நேற்றே முடித்துவிட்டேன்' என்று நாளைச் சொல்லிவிட்டால் 'ஹாவ்' விலகிவிட வேண்டும்: 'ஐ ஃபினிஷ்ட் இட் எஸ்டர்டே'. முடிந்துபோன நேரத்தின் பெயரும் 'ஹாவ்'வும் ஒரே வாக்கியத்தில் சேராது. 'ஹாட்' அதைவிடக் கறாரானது. இறந்தகாலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்து, எது முந்தியது என்று காட்ட வேண்டும்போதுதான் அதற்கு வேலை. 'நேற்று உங்களைக் கூப்பிட்டேன்' என்பதற்கு 'ஐ கால்ட் யூ' போதும்.

வான்ட், நீட், லைக், பிலீவ் போன்ற மனநிலைச் சொற்களுக்குப் பொதுவாக 'இங்' போடாதீர்கள். 'ஐ வான்ட்' என்பதே இப்போதைய விருப்பத்தைச் சொல்லிவிடும்.

பயிற்சி

ஒரு நாளைக்கு ஒரு வினை போதும். மேலே 'நட'வுக்கு எழுதிய வரிசையை 'திற – ஓபன்' என்று எடுத்து, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று எழுதுங்கள். பிறகு 'நான்' இருந்த இடத்தில் 'அவள்' போட்டு எந்தெந்த வரி மாறுகிறது என்று பாருங்கள். நான்கு வரிகள் நிச்சயம் மாறும்: ஓபன்ஸ், இஸ் ஓபனிங், ஹாஸ் ஓபன்ட், ஹாஸ் பீன் ஓபனிங். மற்ற எட்டும் அப்படியே இருக்கும்.

விதி உண்மையிலேயே பதிந்ததா என்று சோதிக்க இன்னொரு வழி உண்டு. 1958-இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் இல்லாத வினைச்சொற்களைச் சொல்லி, இந்த மனிதர் நேற்று என்ன செய்தார் என்று கேட்டார். 'ரிக்' என்ற சொல்லுக்குக் குழந்தைகள் 'ரிக்ட்' என்றார்கள். அதைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்க வழியே இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு சொல்லே கிடையாது. டி ஒலியில் முடிந்த 'மாட்' போன்றவற்றில்தான் அவர்கள் அதிகம் தடுமாறினார்கள். நீங்களும் முயன்று பாருங்கள். ரிக், பிங், மாட், ஸ்போ என்ற நான்குக்கும் இறந்தகாலத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். விரல் தொண்டையில் இருக்கட்டும். முதலாவதில் வன்மையான 'ட்', இரண்டாவதிலும் நான்காவதிலும் மென்மையான 'ட்', மூன்றாவதில் மட்டும் ஒரு கூடுதல் அசை வந்து 'மாட்டிட்' என்று கேட்டால், நாளைக்கு எந்தப் புது வினையையும் எடுத்துக்கொள்ளலாம்.